நாலாம் நம்பர் டயர்

கவலைப்படுவது எனக்குக் கைவந்த கலை. வானம் கறுத்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். நான் அந்தக் குடையில் ஓட்டை இருக்குமோ என்று யோசிப்பேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் பந்தயக் காருக்கு டயர் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று என் அத்தான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. அதில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர்; வேலையாட்களில் பாதிப்பேர் நம்மவர்கள். தேய்ந்த டயரை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, முள் வைத்த உருளையை அதன்மேல் அழுத்தி, பழைய ரப்பரை ராவி எடுக்க வேண்டும். பிறகு புது ரப்பரை ஒட்டி வேகவைப்பார்கள். ஒட்டுவதும் வேகவைப்பதும் மற்றவர்கள் வேலை. ராவுவது என் வேலை. பெரும்பாலும் லாரி டயர், பஸ் டயர். நாளெல்லாம் ரப்பர் தூளில் நின்றுவிட்டு மாலையில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போனால், என் உடம்பில் திருநீறு பூசிய இடம் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

அத்தான் என் அக்காவின் கணவர். அரசாங்க வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் மெக்கானிக். அவரிடம் காரைச் சரிபார்க்கக் கொடுத்துவந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, ஊருக்குத் திரும்பிப் போகும்போது அந்தக் காரை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். பெட்டி மாதிரிச் சின்னக் கார். எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும். பின்சக்கரங்கள் சும்மா கூட வரும். புக்கிட் மேராவில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அவர்கள் வீட்டுக்குப் பின்னால், அந்தக் காரை அவர் ஒரு வருடம் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். அக்கா துணி காயப்போடும் கொடியில் அவர் ஸ்பேனர்களைத் தொங்கவிடுவார். எல்லாம் எதற்கென்றால், வருடத்துக்கு ஒருமுறை மேல் தாம்சன் ரோட்டை அடைத்து நடத்தும் கார்ப் பந்தயத்தில் ஒருதடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

அந்த ரோடு பந்தயத்துக்கென்று போட்டதே இல்லை. மற்ற நாட்களில் பஸ் போகிற ரோடு. ஒரு பக்கம் மழைத்தண்ணீர்க் கால்வாய், இன்னொரு பக்கம் மரங்கள், நடுநடுவே விளக்குக் கம்பங்கள், பஸ் நிற்கும் இடங்கள். வளைந்து வளைந்து போகும். கார் தடம் மாறினால் போய் முட்டுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. கால்வாயில் இறங்கிய கார்களின் படத்தை நான் பேப்பரில் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அந்தப் பேப்பரைக் காட்டவில்லை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அத்தான் பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், எனக்கு நாலு டயர் வேணும். நீதான் பாத்து எடுக்கணும்."

"பந்தயத்துக்குன்னே டயர் இருக்காமே அத்தான்?"

"இருக்கு. சீமையிலேருந்து வரணும். பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஒரு செட்டுதான் வருதாம். எனக்கு எவன் தருவான்? ரோட்டு டயர எடு, பூவெல்லாம் ராவி வழவழன்னு ஆக்கிக் குடு. உன் மெஷின் எதுக்கு இருக்கு?"

டயரின் மேலிருக்கும் பள்ளமும் மேடுமான வடிவத்தை எங்கள் பட்டறையில் பூ என்போம். அந்தப் பூ மழைக்காக. தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். காய்ந்த ரோட்டில், அதுவும் நம் ஊர் வெயிலில் வேகமாக ஓட்டினால், அந்த மேடுகள் ஆடுகிற பல் மாதிரி அசைந்து அசைந்து சூடேறிக் கடைசியில் பிய்ந்து போகும். பூவை எடுத்துவிட்டால் மொத்த ரப்பரும் ரோட்டில் படியும்; பிடி கூடும். ஆனால் மழை பெய்தால் அதே டயர் சோப்புக்கட்டி. இன்னொன்றும் உண்டு. பூவுக்கு அடியில் கொஞ்சம் ரப்பர், அதற்கும் அடியில் துணி. அந்தத் துணிதான் டயருக்கு எலும்பு. ராவுகிறவன் கை கொஞ்சம் அதிகமாகப் போனால் துணிக்குமேல் ரப்பரே இருக்காது. சூட்டில் வெடிக்கும். நான் லாரி டயரை ராவும்போது துணிக்குப் பக்கம் வரை போவேன், ஏனென்றால் அதன்மேல் புது ரப்பர் வரப்போகிறது. இதன்மேல் ஒன்றும் வரப்போவதில்லை. என் அத்தான்தான் ஏறி உட்காரப்போகிறார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன்.

ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் டயர்க் கடை டயர்க் கடையாக அலைந்தேன். டாக்சிக்காரர்கள் வாங்குவது கெட்டி ரப்பர். வருடக்கணக்கில் உழைக்கும், வளைவில் பிடிக்காது. எனக்கு வேண்டியது மெத்தென்ற ரப்பர். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழவேண்டும், ஆனால் தடம் அப்படியே நிற்கவும் கூடாது. நாலும் ஒரே அளவாக, ஒரே இடத்தில் செய்ததாக இருக்க வேண்டும். நல்லது ஒன்று கிடைத்தால் அதற்கு ஜோடி கிடைக்காது. வெடிப்பு இருக்குமோ என்று ஓரத்தை மடக்கிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், வெயிலில் உருட்டிக் கொண்டுவந்து பார்ப்பேன். கடைசியில் சையத் ஆல்வி ரோட்டில், நாகூர்க்காரர் ஒருவர் கடையில் நாலு டயர் அமைந்தது. நான் முக்கால் மணிநேரம் அவற்றைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"தம்பி, நீ டயர் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை வேலை முடிந்ததும் தவுக்கேயிடம் அனுமதி கேட்டு டயர்களை மெஷினில் ஏற்றினேன். ஆழம் பார்க்கும் கருவி எங்களிடம் இருந்தது. ஆனால் அதைப் பள்ளத்துக்குள் விட்டுத்தான் அளக்க முடியும். பள்ளமே இல்லாமல் ராவிய பிறகு அளக்க ஒன்றும் இல்லை. அதனால் கண்ணை நம்பித்தான் வேலை. பூ தேய்ந்து தேய்ந்து மெல்லிய கோடாகும். கோடு மறைகிற அந்த நொடியில் உருளையை எடுத்துவிட வேண்டும். முதல் மூன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் செய்தேன்.

நாலாவதில் கோடு மெலிந்துகொண்டிருந்தபோது வாசலிலிருந்து தவுக்கே கூப்பிட்டார். மறுநாள் காலையில் போகவேண்டிய லாரி டயர் எங்கே என்று கேட்டார். நான் தலையைத் திருப்பி, மூலையைக் காட்டி, ஆறு டயரில் எது எது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உருளை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. கோடு இல்லை.

எப்போது மறைந்தது? இப்போதுதானா, நான் பேச ஆரம்பித்தபோதேவா? கை பாட்டுக்கு லாரி டயர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டதா? எத்தனை வருடப் பழக்கம் அந்தக் கைக்கு! மெஷினை நிறுத்திவிட்டு டயரைத் தட்டிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், தூக்கி எடை பார்த்தேன். நாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மொட்டைத் தலைகள் நாலை வரிசையாக உட்காரவைத்து எதற்கு முடி அடர்த்தி என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்போதே அத்தானிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு டயர் கிடையாது. மூன்று நாளில் இன்னொரு டயர் எங்கே போய்த் தேடுவது? அதோடு, பட்டறையில் ராவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எனக்கு. வாய் வரவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். சாக்பீசால் டயர்களின் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினேன். அந்தப் பாதையில் பெரிய வளைவெல்லாம் வலப்பக்கம் திரும்புவதால் இடப்பக்க முன்டயர்தான் மாடாக உழைக்கும். வலப்பக்கப் பின்டயர் வளைவில் ரோட்டைத் தொடுவதே சந்தேகம். அந்தக் கார் நாய் காலைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போகும்.

"நாலாம் நம்பர வலப்பக்கம் பின்னாடி போடுங்க அத்தான்" என்றேன்.

"ஏன்?"

"எடை கொஞ்சம் வித்தியாசம்."

பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பழகுவதற்கு ஓட்டவிட்டார்கள். நான் கால்வாய் ஓரத்துப் புல்லில் நின்று அவர் வரும்போதெல்லாம் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "புடிக்குது மச்சான்! அப்படியே ஒட்டிக்கிட்டுப் போவுது! பெரிய கார் ரெண்ட வளைவுல தாண்டிட்டேன் லா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்பாடா என்று தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பத்துக்குப் போனேன். வாசலில் கார் பளபளவென்று நின்றது. அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து அதைக் கழுவியிருந்தாள். காரை மட்டுமல்ல, நாலு டயரையும் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நாலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நாலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். புது வண்டி எடுத்தால் செய்வதுதானே. நம் வீடுகளில் யார்தான் செய்யாமல் இருப்பார்கள்? சாக்பீஸ் எழுத்தில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை.

பரவாயில்லை, வலப்பக்கம் பின்னால் இருப்பதுதானே நாலாம் நம்பர் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போது அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"நேத்து முன்டயரு ரெண்டும் சூடேறிக் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருந்துச்சு. முன்னாடி உள்ளதப் பின்னாடி போட்டுட்டேன், பின்னாடி உள்ளத முன்னாடி."

"நேராவா, குறுக்காவா?"

"என்னது?"

"வலப்பக்கம் பின்னாடி இருந்தத முன்னாடி எந்தப் பக்கம் போட்டீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாலையும் கழட்டிக் கீழ வச்சேன். ஞாபகம் இல்லியே. அதான் நீ நம்பர் எழுதியிருக்கியே, பாரு."

அக்கா கற்பூரத்தைச் சுற்றினாள். கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. "சாயந்தரம் மீன் கொழம்பு. நேரத்தோட வந்துருங்க" என்றாள்.

புக்கிட் மேராவிலிருந்து தாம்சன் ரோடுவரை அந்தக் காரில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, மழை வந்தால் மாற்றுவதற்காகப் பழைய ரோட்டு டயர்களைச் சக்கரத்தோடு அங்கே அடுக்கியிருந்தார். நாலாம் நம்பர் முன்னால் இருக்கிறது, அது நிச்சயம். வலமா இடமா என்பதுதான் தெரியாது. என் காலுக்கு அடியிலேயே இருக்கலாம். நியூட்டன் சந்திப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடுத்த விளக்கில் சொல்லலாம் என்று நினைத்தேன். நாலு நாளாக மழை வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது முருகா, ஒரே ஒரு மழை, பத்தே நிமிடம் என்று கெஞ்சினேன். மழை வந்தால் இந்த டயர்களைக் கழற்றிவிடுவார். நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பந்தய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும், ரோட்டை ஒட்டிய நீர்த்தேக்கத்துக்குமேல் ஒரு மேகம்கூட இல்லை. இந்த ஊரில் துணி காயப்போட்ட அன்றைக்கெல்லாம் கொட்டுகிற வானம் அது!

கார்களை வரிசைக்குக் கொண்டுவரச் சொல்லிக் குழாய் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவர் தலைக்கவசத்தை மாட்டிக் கழுத்து வாரைப் பூட்டினார். இன்னும் அந்தப் பாட்டுதான் வாயில்.

"அத்தான், நாலாம் நம்பர ஆழமா ராவிட்டேன்."

"என்ன?"

"தவுக்கே கூப்பிட்டாரு, திரும்பிட்டேன். துணிவரைக்கும் போயிருக்கலாம். அதான் பின்னாடி போடச் சொன்னேன். அக்கா நம்பரக் கழுவிட்டாங்க. இப்ப அது முன்னாடி இருக்கு. எந்தப் பக்கம்னு தெரியல."

"எவ்வளவு ஆழம்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது அத்தான்!" என்று கத்தினேன், ஏதோ தவறு செய்தது அவர் என்பதுபோல.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாரை அவிழ்த்தார். குனிந்து முன்டயர் இரண்டையும் பார்த்தார். சந்தனம் காய்ந்துபோயிருந்தது. பிறகு ஜாக்கியை எடுத்து அடியில் கொடுத்தார். இரண்டுபேருமாக நாலு சக்கரத்தையும் மாற்றினோம்.

பழைய ரோட்டு டயரில் அவர் ஓட்டினார். முதல் சுற்றிலேயே கடைசி. சனிக்கிழமை அவர் தாண்டிய கார்களெல்லாம் அவரை ஒரு சுற்று முந்திப் போயின. ஆறாவது சுற்றில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்துபோக, ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தார். அவர் நடந்து வருவதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. மாலையில் மீன் குழம்பு இருந்தது. நான் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். "நாலையும் ரம்பம் போட்டு அறுத்துப் பாத்தேன் மச்சான். ஒண்ணுல துணி தெரியுது. நல்லவேள, சொன்ன" என்றார். அன்றைக்கு நான் மூன்று பரோட்டா சாப்பிட்டேன்.

அடுத்த வருடத்துக்குள் அவருக்கு வேலையில் ஷிப்டு மாறிவிட்டது. காரை விற்றார். பந்தயம் அந்த ஒன்றோடு சரி. நானோ அந்தக் கதையை விடவில்லை. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆரம்பித்துவிடுவேன். "அன்னிக்கு நான் மட்டும் வாயத் தொறக்கலன்னா எங்க அக்கா நெலம என்ன?" என்று முடிப்பேன். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து கோப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார்.

நாலைந்து வருடம் போயிற்று. கம்பத்தைக் காலி செய்துவிட்டு அங்கேயே கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் போகச் சொன்னார்கள். வீடு மாற்றுவதற்கு உதவ நான் போனேன். வீட்டுக்குப் பின்னால் அக்காவின் கறிவேப்பிலைப் பாத்தி இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு வேலி. டயரைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வளைந்த பக்கம் மேலே தெரிய, அறுத்த முனைகளை மண்ணில் புதைத்திருந்தார்கள். எட்டு அரைவட்டம். வழவழவென்று பூ இல்லாத டயர்கள். எத்தனையோ தடவை அவற்றின்மேல் கால் வைத்துக்கொண்டு கோப்பி குடித்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டயர்க்காரனுக்கு அறுத்த முனையைப் பார்க்காமல் இருக்க முடியாது. மண்ணைத் துடைத்தேன். துணி அடுக்கு, அதன்மேல் ரப்பர், என் சுண்டுவிரல் நகம் அளவு. அடுத்தது. அதே அளவு. எட்டையும் வரிசையாக வைத்து, பதினாறு முனைகளையும் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட மெலிவு இல்லை. கை சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை.

அத்தான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். "அதயெல்லாம் எதுக்குத் தொடைக்கிற? லாரில போடு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அத்தான், எட்டும் ஒரே மாதிரி இருக்கு."

"ஆமா."

"துணி தெரியுதுன்னு சொன்னீங்க."

"நீ ஒரு வாரமா சோறு திங்கலன்னு உங்க அக்கா சொன்னா. நான் வேற என்ன சொல்றது?" அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "அறுக்கும்போது, எதுலயாச்சும் துணி தெரிஞ்சிரணும்னு நானே வேண்டிக்கிட்டேன் லா. நாலுலயும் தெரியல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத்தன கல்யாணத்துல நான் கத விட்டப்ப ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்லாத்தான சொன்ன. ஒவ்வொரு தடவையும் நானே பயந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புது வீடு எட்டாவது மாடியில். பாத்தி கிடையாது. அவர் எழுந்து வந்து அரைவட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய சாமான் லாரியில் போட்டார். கடைசி ஒன்றை மட்டும் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, வழவழப்பான பக்கத்தை உள்ளங்கையால் ஒருதடவை தடவினார்.

"சனிக்கிழம நல்லாப் புடிச்சுது மச்சான்" என்றார்.

லாரிக்காரர் அவசரப்படுத்தினார். அத்தான் கையிலிருந்து அதை வாங்கி நானே லாரியில் போட்டேன்.